ஒரு பொறியை ஏமாற்றுவது பல பொறிகளையும் ஏமாற்றுவது ஏன்?

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் அமைந்துள்ள காணிப்பாக்கம், சுயம்பு வரசித்தி விநாயகர் திருக்கோயிலால் பெயர் பெற்ற ஊராகும். கடன், சொத்து, களவு பற்றிய தகராறுகளில் சாட்சியோ ஆவணமோ இல்லாதபோது, திருக்குளத்தில் நீராடி இத்திருக்கோயிலில் சத்தியம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒருவர் கூறுவது மெய்யா என்று அறிவதற்குச் சமுதாயம் கண்ட பழைய வழிகளுள் இதுவும் ஒன்று. இன்று அதே வட்டாரத்தில், ஒருவர் தாம் கூறும் ஆள்தானா என்ற கேள்விக்கு விடையளிக்கும் பணியைப் பொறிகள் ஏற்று வருகின்றன.

திருமலையில் திருப்பதி தேவஸ்தானம் 2023 மார்ச் 1 முதல் முக அடையாளம் காணும் முறையைச் சோதனை அளவில் புகுத்தியது. ஒரே ஆள் பலமுறை இலவச தரிசனச் சீட்டுப் பெறுவதையும், இடைத்தரகர்கள் தங்குமறைகளைக் கைப்பற்றுவதையும் தடுப்பது அதன் நோக்கம். ஆந்திர அரசு ஆசிரியர்களின் வருகைப்பதிவுக்கு 2022 ஆகஸ்டிலும், ஏனைய அரசு ஊழியர்களுக்கு 2023 சனவரியிலும் முக அடையாளச் செயலி நடைமுறைக்கு வந்தது. விமான நிலையங்களில் ‘டிஜி யாத்ரா’ 2022 டிசம்பரில் தொடங்கிற்று. ஆதார் அமைப்பும் முகத்தைக் கொண்டு ஆளை உறுதி செய்யும் வசதியை அளிக்கிறது.

இப்பொறிகள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன, முறைகேட்டைக் குறைக்கின்றன. ஆனால் இவற்றுள் அடங்கியுள்ள ஒரு குறைபாட்டை நிர்வாகத்தில் ஈடுபட்டோர் அறிந்திருத்தல் வேண்டும். வேண்டுமென்றே திரித்து அமைக்கப்பட்ட ஒரு படம் ஒரு பொறியை ஏமாற்றுமானால், அது அப்பொறியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மற்றொரு பொறியையும் பெரும்பாலும் ஏமாற்றிவிடுகிறது. வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு தரவுகளைக் கொண்டு தனித்தனியே உருவாக்கிய பொறிகளுக்கும் இது பொருந்தும். ஏமாற்று ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இவ்வியல்பை ‘பெயர்வுத் தன்மை’ என இக்கட்டுரை குறிப்பிடுகிறது. அதன் காரணமும் விளைவும் இங்கு விளக்கப்படுகின்றன.

பொறி கற்கும் முறை

சித்தூர் வட்டாரம் மாம்பழத்திற்கும் மாங்கூழ்த் தொழிலுக்கும் பெயர் பெற்றது. கூழ் ஆலைகள் பெரிதும் நாடுவது தோத்தாபுரி எனப்படும் கிளிமூக்கு மாங்காயை. உண்பதற்கு விரும்பப்படுவது பங்கனப்பள்ளி. இவ்விரண்டையும் நிழற்படத்தைக் கொண்டு பிரிக்கும் ஒரு பொறி வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய கணினி முறையில் ‘நுனி வளைந்திருந்தால் கிளிமூக்கு’ என்று விதியை மனிதன் எழுதித் தருவான். இயந்திரக் கற்றலில் அவ்வாறு விதி எழுதப்படுவதில்லை. பெயர் குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்கள் பொறிக்குத் தரப்படுகின்றன. பொறிக்கு ஒவ்வொரு படமும் எண்களின் அடுக்கே ஆகும். அகலத்திலும் உயரத்திலும் 224 புள்ளிகள் கொண்ட சிறு வண்ணப் படத்தில், சிவப்பு, பச்சை, நீலம் என மும்மூன்றாக 1,50,528 எண்கள் உள்ளன. பொறி ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எடை கொடுத்துப் பெருக்கிக் கூட்டுகிறது. அக்கூட்டுத்தொகைகளை அடுத்த அடுக்கிற்கு அனுப்புகிறது. இறுதியில் ஒரு தீர்ப்பைத் தருகிறது. தீர்ப்பு தவறாயின் எடைகள் சிறிது திருத்தப்படுகின்றன. இத்திருத்தம் இலட்சக்கணக்கான முறை நடைபெற்ற பின்னர், பொறி பெரும்பாலும் சரியான விடையையே தருகிறது.

எதைக் கொண்டு அது விடை கண்டது என்பதே கேள்வி. மனிதன் பழத்தின் நுனியைப் பார்க்கிறான். பொறியோ தோலின் நுண்ணிய புள்ளிகள், ஓரத்தில் நிழல் படியும் விதம், நிறத்தின் மெல்லிய ஏற்றத்தாழ்வு ஆகிய எதை வேண்டுமானாலும் அடையாளமாகக் கொண்டிருக்கலாம். சரியான விடை வந்தால் போதும் என்பது ஒன்றே அதற்கு இடப்பட்ட கட்டளை. மனிதக் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தையே கொள்ள வேண்டும் என்று யாரும் அதற்குக் கூறவில்லை.

சிறு மாற்றமும் பெரும் பிழையும்

2013ஆம் ஆண்டின் இறுதியில் கிறிஸ்டியன் செகெடியும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று இத்துறையினரை வியப்பில் ஆழ்த்தியது. பொறி சரியாக அடையாளம் கண்ட ஒரு படத்தில், கண்ணுக்குப் புலப்படாத அளவில் புள்ளிகளின் எண்களைக் கூட்டியும் குறைத்தும் அமைத்தால், பொறி அப்படத்தை முற்றிலும் வேறொன்றாகக் கூறிவிடுகிறது என்று அவர்கள் காட்டினர். 2014இல் இயன் குட்ஃபெலோவும் பிறரும் தந்த எடுத்துக்காட்டு பெரிதும் பேசப்பட்டது. அவர்களது பொறி ஒரு படத்தை 57.7 சதவீத உறுதியுடன் பாண்டாக் கரடி என்று கூறியிருந்தது. மிக நுண்ணிய மாற்றம் செய்யப்பட்ட பின்னர், அதே படத்தை 99.3 சதவீத உறுதியுடன் கிப்பன் குரங்கு என்றது. மனிதக் கண்ணுக்கு இரு படங்களும் ஒன்றே.

இது எவ்வாறு இயலும்? குட்ஃபெலோ குழுவினர் தந்த விளக்கத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஓர் இலட்சம் குடும்ப அட்டைகளுக்கு அரிசி வழங்கும்போது, ஒவ்வோர் அட்டைக்கும் 10 கிராம் குறைத்து நிறுத்தால் எந்தக் குடும்பமும் அதை உணராது. ஆனால் மொத்தத்தில் 1,000 கிலோ, அதாவது ஒரு டன் அரிசி மறைந்துவிடும். ஒவ்வொரு குறைவும் அற்பமானது. எல்லாம் ஒரே திசையில் நிகழ்வதால் கூட்டுத்தொகை பெரிதாகிறது. அவ்வாறே, படத்தின் ஒன்றரை இலட்சம் எண்களில் ஒவ்வொன்றையும், பொறியின் எடைகள் எத்திசையில் சாய்கின்றனவோ அத்திசையில் மிகச் சிறிதளவே நகர்த்தினால், இறுதிக் கூட்டுத்தொகை தீர்ப்பின் எல்லையைக் கடந்துவிடுகிறது. கண்மூடித்தனமாக எண்களை மாற்றினால் இவ்விளைவு ஏற்படாது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். திட்டமிட்ட மாற்றமே பொறியை வீழ்த்துகிறது.

இத்தகைய ஏமாற்று முயற்சி புதியதன்று. மின்னஞ்சலில் வேண்டாத விளம்பரங்களை வடிகட்டும் பொறிகளுக்கும் அவற்றை ஏய்க்க முயல்வோர்க்கும் இடையே நிகழும் போட்டியை, 2004ஆம் ஆண்டிலேயே நீலேஷ் தல்வி, பெட்ரோ டொமிங்கோஸ், மௌசம் முதலியோர் ஆராய்ந்துள்ளனர். காண்பதற்குச் சிறிதும் மாறாத படமும் ஏமாற்றும் என்பதே பின்னர் வெளிப்பட்ட புதுமை.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு

மேற்கூறிய முறைக்குப் பொறியின் எடைகள் தெரிந்திருக்க வேண்டும். அவை இரகசியமாக வைக்கப்பட்டிருந்தால் ஆபத்து இல்லை என்று தோன்றலாம். பெயர்வுத் தன்மை இந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது.

ஒரு பொறிக்கென அமைத்த ஏமாற்றுப் படங்களில் கணிசமானவை, வேறு அமைப்புடைய பொறியையும், வேறு படத்தொகுதியைக் கொண்டு கற்ற பொறியையும் ஏமாற்றின என்று 2013ஆம் ஆண்டு ஆய்வுரையே குறிப்பிட்டது. இதன் நடைமுறைப் பொருளை 2016இல் நிக்கோலா பேப்பர்நோ, பாட்ரிக் மெக்டேனியல், இயன் குட்ஃபெலோ ஆகியோரும் உடன் பணியாற்றியோரும் விளக்கினர். இலக்காகக் கொண்ட பொறியின் உள்ளமைப்பு அவர்களுக்குத் தெரியாது. அது கற்ற தரவும் கையில் இல்லை. பொறியிடம் கேள்வி கேட்டு விடை பெறலாம் என்பது ஒன்றே வசதி. கேள்விகளையும் விடைகளையும் சேர்த்து, அதே போன்று விடையளிக்கும் ஒரு மாற்றுப் பொறியைத் தம்மிடம் உருவாக்கினர். தமது பொறியின் எடைகள் தமக்குத் தெரியுமாதலால், அதை ஏமாற்றும் படங்களை எளிதில் அமைத்தனர். பின்னர் அவற்றை இலக்குப் பொறியிடம் கொண்டு சென்றனர்.

கையெழுத்து எண்களை அடையாளம் காணும் பொறிகளில் இச்சோதனை நிகழ்ந்தது. ‘மெட்டாமைண்ட்’ நிறுவனத்தின் இணைய வழிச் சேவையில் அமைந்த பொறி, இவ்வாறு அனுப்பப்பட்ட படங்களில் 84.24 சதவீதத்தைத் தவறாகப் படித்தது. 800 கேள்விகளே கேட்டு உருவாக்கிய மாற்றுப் பொறியைக் கொண்டு, அமேசான் சேவையில் அமைந்த பொறியை 96.19 சதவீத அளவுக்கும், கூகுள் சேவையில் அமைந்ததை 88.94 சதவீத அளவுக்கும் ஏமாற்ற முடிந்தது. இங்கு மாற்றுப் பொறியின் வகையும் இலக்குப் பொறியின் வகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பூட்டைப் பாராமலே, அதே வேலையைச் செய்யும் வேறொரு பூட்டை வீட்டில் செய்து, அதற்குச் சாவி செய்து, அச்சாவியால் முதற் பூட்டைத் திறப்பதற்கு இது ஒப்பாகும்.

காரணம் யாது?

தனித்தனியே கற்ற பொறிகள் ஒரே தவற்றைச் செய்வது ஏன் என்பதைப் பால் சோதனையின் வரலாறு தெளிவுபடுத்தும்.

பாலின் புரதத்தை நேரடியாக அளப்பது கடினம். 1883இல் டென்மார்க்கைச் சேர்ந்த யோகான் கெல்தால் என்பவர், பொருளிலுள்ள நைட்ரஜனை அளக்கும் முறையைக் கண்டார். பாலில் நைட்ரஜன் அளவை 6.38ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும். நேர்மையான பாலில் இக்கணக்குப் பிழைக்காது. ஆனால் உண்மையில் அளக்கப்படுவது புரதமன்று. அதனோடு சேர்ந்து வரும் ஓர் அடையாளமே. மெலமைன் என்னும் இரசாயனப் பொருளின் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜனாகும். 2008இல் சீனாவில் நீர் கலந்த பாலில் இதைக் கலந்து சோதனையில் தேறச் செய்தனர். ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. நைட்ரஜனை அளந்த ஒரு சோதனைச் சாலையை ஏமாற்றிய பால், அதே அடையாளத்தை நம்பிய எந்தச் சோதனைச் சாலையையும் ஏமாற்றக்கூடியதாக இருந்தது. கருவிகள் வேறு, வேலை செய்தோர் வேறு. நம்பிய அடையாளம் ஒன்று.

கற்கும் பொறிகளின் நிலையும் இதுவே. ஆண்ட்ரூ இலியாஸ், அலெக்சாண்டர் மாட்ரி முதலியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதனை வலியுறுத்துகிறது. படங்களில் இருவகை அடையாளங்கள் உள்ளன. கிளிமூக்கின் வளைவு போன்றவை எளிதில் மாறாத அடையாளங்கள். தோலின் நுண்புள்ளி அமைப்புப் போன்றவை விடையோடு உண்மையிலேயே தொடர்புடையவை. எனினும் சிறிது திரித்தால் மாறிவிடுபவை. இரண்டாம் வகையும் சரியான விடைக்கு உதவுவதால் பொறி அவற்றை விட்டுவிடுவதில்லை. ஒரே வகைப் படங்களைக் கொண்டு கற்கும் பொறிகள் யாவும் ஏறத்தாழ அதே அடையாளங்களைக் கண்டுகொள்கின்றன. ஆகவே அவ்வடையாளத்தைத் திரிக்கும் படம் எல்லாவற்றையும் ஒருங்கே ஏமாற்றுகிறது.

ஆகவே பெயர்வுத் தன்மையைத் தனியொரு நிறுவனத்தின் கவனக்குறைவாகக் கருதுவது பொருந்தாது. சராசரியில் சரியான விடை ஒன்றையே நோக்கமாகக் கொண்டு கற்பிக்கும் முறையிலேயே அதன் வேர் உள்ளது.

இந்திய ஆய்வின் பங்கு

இத்துறையில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. 2017இல் மூசவி தெஸ்ஃபூலி முதலியோர், ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனியே மாற்றம் கணக்கிட வேண்டியதில்லை என்று காட்டினர். ஒரே ஒரு நுண்ணிய கோலத்தை எந்தப் படத்தின் மீது சேர்த்தாலும் பொறி பெரும்பாலும் தவறிழைத்தது. ஆனால் அக்கோலத்தைக் கணக்கிட, பொறி கற்ற படங்களைப் போன்ற ஏராளமான படங்கள் தேவைப்பட்டன.

அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கொண்டா ரெட்டி மோபுரி, உத்சவ் கார்க், ஆர். வெங்கடேஷ் பாபு ஆகியோர், கற்பித்த படங்கள் ஒன்றுகூடக் கையில் இல்லாமலே அத்தகைய கோலத்தை உருவாக்கலாம் என்று நிறுவினர். பொறியின் உள்ளடுக்குகளைத் தேவையின்றிக் கிளர்ந்தெழச் செய்யும் கோலம் எது என்பதை மட்டுமே அவர்கள் தேடினர். பின்னர் இதே கழகத்தில் இம்முறை விரிவாக்கப்பட்டு, பொருளை அடையாளம் காணும் பணிக்கு மட்டுமின்றி, படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தல், தொலைவை மதிப்பிடுதல் ஆகிய பணிகளுக்கும் பொருந்துவதாகக் காட்டப்பட்டது.

இதனால் நிர்வாகிகள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. தரவைப் பூட்டி வைப்பது மக்களின் அந்தரங்கத்தைக் காக்க இன்றியமையாதது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதனை வலியுறுத்துகிறது. ஆனால் தரவு இரகசியமாக இருப்பதாலேயே பொறி ஏமாறாது என்று கொள்வதற்கில்லை.

ஆய்வகத்திற்கு வெளியே

கணினித் திரையில் நிகழ்வது கண்ணெதிரேயும் நிகழுமா? 2016இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகமூத் ஷெரீபும் பிறரும், தனிவகை வண்ணக் கோலம் அச்சிட்ட மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை அணிந்தவரை முக அடையாளப் பொறி வேறொருவராகக் கொள்ளுமாறு செய்தனர். 2018இல் மற்றொரு குழுவினர், சாலையோர ‘நில்’ பலகையின்மீது சில ஒட்டுத்தாள்களை ஒட்டி, அதனை வேக வரம்புப் பலகையாகப் பொறி படிக்கச் செய்தனர்.

உரையாடும் மொழிப் பொறிகளும் விலக்கல்ல. 2023 சூலையில் ஆண்டி ஸூவும் பிறரும், எவரும் பெறக்கூடிய திறந்த மொழிப் பொறிகளைக் கொண்டு ஒரு சொற்றொடர் வாலை உருவாக்கினர். தீய வேண்டுகோளின் இறுதியில் அதைச் சேர்த்தபோது, மறுக்க வேண்டிய பொறி இணங்கி விடையளித்தது. அதே வால், உள்ளமைப்பு வெளியிடப்படாத பெரிய நிறுவனங்களின் பொறிகளிடமும் பலித்தது. எனினும் பொறிக்குப் பொறி வெற்றியின் அளவு பெரிதும் வேறுபட்டது.

இவ்வேறுபாடு நினைவில் கொள்ளத்தக்கது. எல்லா ஏமாற்றும் எல்லாப் பொறிக்கும் பெயர்வதில்லை. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, ‘ஏதேனும் ஒரு தவறான விடை’ என்னும் அளவில் ஏமாற்று எளிதில் பெயர்கிறது என்றும், ‘இன்ன தவறான விடையே’ என்று குறிவைத்தால் அரிதாகவே பெயர்கிறது என்றும் கண்டது. திருமலை போன்ற இடத்தை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். முன்பே சீட்டுப் பெற்ற ஒருவர், பொறி தம்மை அடையாளம் காணாதவாறு செய்துகொள்வது எளிது. குறிப்பிட்ட மற்றொருவராகவே தம்மைக் காட்டிக்கொள்வது கடினம். ஆயினும் ஒரே சமயத்தில் பல பொறிகளை ஏமாற்றுமாறு அமைத்த படங்கள், குறிவைத்த ஏமாற்றிலும் ஓரளவு பெயர்கின்றன என்று அதே ஆய்வு காட்டியது. வெயில், நிழல், ஒளிப்படக் கருவியின் கோணம் ஆகியன நுண்ணிய மாற்றங்களைக் கெடுத்துவிடுவதும் உண்டு. எனவே அச்சத்தை மிகைப்படுத்தவும் வேண்டா, அலட்சியமும் கூடாது.

தற்காப்பு முறைகள்

மூன்று வழிகள் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன.

முதலாவது, மறைப்பு. பொறியின் எடைகள் எத்திசையில் சாய்கின்றன என்பதைத் தாக்குவோர் கணிக்க முடியாதவாறு அமைப்பது. இது நிலைத்த காப்பு அன்று. 2018இல் அனிஷ் அத்தால்யே, நிக்கோலஸ் கார்லினி, டேவிட் வாக்னர் ஆகியோர் அவ்வாண்டு மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்ட ஒன்பது தற்காப்பு முறைகளைச் சோதித்தனர். அவற்றுள் ஏழு இத்தகைய மறைப்பையே நம்பியிருந்தன. அவ்வேழில் ஆறு முற்றிலும் முறிக்கப்பட்டன. ஒன்று ஓரளவு முறிக்கப்பட்டது. மேலும், மறைப்பு எவ்வளவு திறமையாக இருந்தாலும், தாக்குவோர் தம்மிடமுள்ள மாற்றுப் பொறியில் ஏமாற்றை உருவாக்கிக் கொண்டுவர வழி உண்டு.

இரண்டாவது, பயிற்சி. கற்பிக்கும்போதே ஏமாற்றுப் படங்களையும் சரியான பெயருடன் தந்து பழக்குவது. 2017இல் மாட்ரி குழுவினர் வகுத்த இம்முறை இன்றளவும் நம்பத்தக்கதாகக் கருதப்படுகிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. அவர்களது சோதனை ஒன்றில், சாதாரணப் படங்களில் ஏறத்தாழ 95 சதவீதமாக இருந்த சரிநுட்பம் 87 சதவீதமாகக் குறைந்தது. கடுமையான தாக்குதலின்போது ஏறத்தாழ 46 சதவீதமே நின்றது. கணிப்புச் செலவும் பன்மடங்கு உயர்கிறது. பாதுகாப்புக்கும் துல்லியத்துக்கும் செலவுக்கும் இடையே தேர்வு செய்வது பொருளாதாரப் பிரச்சினையே ஆகும். அதனைத் தொழில்நுட்பரிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது.

மூன்றாவது, பன்மை. பல பொறிகளின் முடிவை ஒருங்கே கேட்பது. இங்குப் பெயர்வுத் தன்மையின் பாடம் முதன்மை பெறுகிறது. காணிப்பாக்கத்தின் தல வரலாறு மூன்று சகோதரர்களைப் பற்றிக் கூறுகிறது. ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் பேச இயலாதவர், ஒருவர் கேட்க இயலாதவர். மூவரும் கூடி நிலத்தை உழுது வாழ்ந்தனர். வறண்ட கிணற்றை ஆழப்படுத்தியபோதே விநாயகர் திருவுருவம் வெளிப்பட்டது என்பது ஐதிகம். மூவரின் குறைகளும் வெவ்வேறாக இருந்ததால், ஒருவரின் குறையை மற்றவர் நிரப்ப முடிந்தது. மூவரும் பார்வையற்றவராக இருந்திருந்தால் எண்ணிக்கை மட்டுமே மூன்று. ஒரே வகைப் படங்களைக் கொண்டு கற்ற மூன்று முகப் பொறிகளும் அத்தகையனவே. முகத்தோடு கைவிரல் ரேகை, கடவுச்சொல், நேரில் காணும் அலுவலர் என்று இயல்பிலேயே வேறுபட்ட சோதனைகளைச் சேர்ப்பதே உண்மையான பன்மையாகும்.

வேளாண்மையும் இதே பாடத்தைக் கற்பித்துள்ளது. 1970இல் அமெரிக்காவில் பயிரிடப்பட்ட வீரிய மக்காச்சோள விதையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானது, ஒரே வகை மலட்டுத்தன்மைக் கூற்றைத் தாயிடமிருந்து பெற்றதாகும். பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்ற விதைகளானாலும் பலவீனம் ஒன்றே. இலைக்கருகல் நோய் அப்பலவீனத்தைக் கண்டது. அவ்வாண்டு நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் அழிந்தது.

நிர்வாகத்திற்குரிய சில கருத்துகள்

மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் 10,371.92 கோடி ரூபாய் மதிப்பில் இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்புக் கழகம் ஒன்று அமைக்கப்படும் என்று 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டது. கொள்கை அளவில் இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பொறியை வாங்கிப் பயன்படுத்துவோர் மாவட்ட அலுவலகங்களும், திருக்கோயில் நிர்வாகங்களும், பள்ளிகளும், மருத்துவமனைகளுமே. அவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை சில உள.

ஒன்று: ஒப்பந்தப் புள்ளி கோரும்போது, சாதாரண நிலையில் பொறியின் சரிநுட்பம் எவ்வளவு என்பதோடு நில்லாமல், வேறு பொறிகளைக் கொண்டு உருவாக்கிய ஏமாற்றுப் படங்களுக்கு எதிரே அது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். அச்சோதனையை விற்பனையாளர் தாமே செய்தால் போதாது. தொடர்பற்ற நிறுவனம் ஒன்று செய்தல் வேண்டும்.

இரண்டு: வெவ்வேறு விற்பனையாளரிடம் வாங்குவதே பன்மை ஆகிவிடாது. அவர்கள் அனைவரும் பொதுவில் கிடைக்கும் ஒரே அடிப்படைப் பொறியின்மீது தம் பெயரை ஒட்டியவர்களாக இருக்கக்கூடும். அடிப்படைப் பொறி எது, எத்தகைய தரவில் கற்றது என்பதை எழுத்து மூலம் பெறுதல் நலம்.

மூன்று: ஒரே இடத்திலிருந்து இடைவிடாது வரும் நூற்றுக்கணக்கான கேள்விகள் பொறியை நகலெடுக்கும் முயற்சியின் அறிகுறியாகலாம். கேள்விகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பதும், பதிவேடு வைப்பதும், ஐயத்திற்குரியவற்றை 2004 முதல் இயங்கிவரும் இந்தியக் கணினி அவசரகால உதவிக் குழுவுக்குத் தெரிவிப்பதும் முறையாகும்.

நான்கு: ஓரிடத்தில் ஏமாற்று வெளிப்பட்டால், அச்செய்தி அதே பணிக்குப் பொறிகளைப் பயன்படுத்தும் ஏனைய அலுவலகங்களுக்கும் உடனே செல்ல வேண்டும். கால்நடை நோய் ஓர் ஊரில் தோன்றினால் அண்டை ஊர்களுக்கு எச்சரிக்கை அனுப்புவது போன்றதே இது. ‘நம் பொறி வேறு வகை’ என்ற எண்ணம் இங்கு ஆறுதல் தராது.

ஐந்து: பொறியின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பாகக் கூடாது. இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. ஏமாற்று முயற்சிகள் பெருகும்போது, பொறியை மேலும் கடுமையாக்குவதே நிர்வாகத்தின் இயல்பான எதிர்வினை. அக்கடுமையின் சுமை ஏமாற்றுவோர் மீது விழுவதைவிட, உழைத்துக் கறுத்த முகமும் தேய்ந்த ரேகையும் உடைய எளியோர் மீதே மிகுதியாக விழும். ஏமாற்றத் தெரிந்தவனுக்கு வேறொரு பொறியில் ஒத்திகை பார்க்க வசதி உண்டு. தொலைவிலிருந்து நடந்து வந்த முதியவளுக்கோ, கூலிக்கு வருகை பதிய நிற்கும் தொழிலாளிக்கோ அவ்வசதி இல்லை. பொறி ‘இவர் அவரல்லர்’ என்று சொன்னபின் அவர்கள் முறையிடுவதற்கு ஒரு மனிதர், அதே இடத்தில், அதே நாளில் இருக்க வேண்டும். அம்மனிதருக்குப் பொறியின் முடிவை மாற்றும் அதிகாரமும் அளிக்கப்பட வேண்டும்.

முடிவாக

பெயர்வுத் தன்மை பொறிகளைக் கைவிடுவதற்கான காரணம் அன்று. எடைக்கல் தேய்கிறது என்பதற்காகத் தராசை யாரும் எறிந்துவிடவில்லை. முத்திரையிடும் முறையையும் ஆய்வாளரையும் ஏற்படுத்தினர். பால் சோதனை ஏமாற்றப்பட்டது என்பதற்காகச் சோதனையே நிறுத்தப்படவில்லை. நைட்ரஜனோடு மெலமைனையும் தனியே தேடும் முறைகள் வந்தன. கற்கும் பொறிகளுக்கும் அத்தகைய முத்திரையும் ஆய்வும் வேண்டும்.

ஒவ்வொரு பொறியும் தனித்தது என்று எண்ணி, ஒவ்வொன்றையும் தனியே சோதிப்பது இனிப் போதாது. நாடு முழுவதும் பரவிய பொறிகள் ஒரே வகையில் கற்றிருந்தால், அவற்றின் குறையும் ஒரே வகையினதாகவே இருக்கும். ஓரிடத்தில் கண்ட ஓட்டை எங்கும் திறந்திருக்கும். இதனை உணர்ந்து, சோதனையில் கடுமையும், அமைப்பில் பன்மையும், மக்களிடம் முறையீட்டுக்கு வழியும் வைத்துச் செயற்படுவோமாயின், பொறிகள் தரும் பயனை இழக்காமலே அவற்றின் தீமையைக் குறைக்க இயலும். மக்களின் உரிமையையும் அரசின் பணத்தையும் பொறியின் பொறுப்பில் ஒப்படைக்கும் எந்த அலுவலருக்கும் இது கடமையாகும்.